வளவில் நிற்பது வேறு, அறைக்குள் போவது வேறு: ஃபைல் ஷேர் கணக்கெடுப்புக்கு ஓர் அறிமுகம்

போன மாதம் ஒரு தம்பி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் என் கடைக்கு வந்தான். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறான். கூடவே எத்திக்கல் ஹேக்கிங், அதாவது உரிமையாளர் அனுமதியோடு ஓட்டை தேடும் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வுக்கும் தயாராகிறான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, அஞ்சு ஷேர் மாட்டுச்சு. மெஷினுக்குள்ள போயிட்டேன்."

திரையைப் பார்த்தேன். ஐந்து பெயர்கள் வரிசையாக இருந்தன, அவ்வளவுதான். உள்ளே போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

"நீ இன்னும் திண்ணையிலதான்டா உக்காந்திருக்க" என்றேன். முகம் வாடிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாகப் படிக்க வருகிற பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: பட்டியலில் பெயர் வந்துவிட்டால் கதவு திறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஷேர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஓர் அச்சகம் இருக்கிறது. முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகையை வடிவமைக்கிறார்கள். பிரிண்டர் மாட்டியிருப்பது பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரில். ஒவ்வொரு தடவையும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? அதனால் பின்னறைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை நெட்வொர்க்கில் இருக்கிற மற்றவர்களும் பார்க்கும்படி திறந்துவிடுகிறார்கள். அந்தத் திறந்துவிட்ட ஃபோல்டர்தான் ஷேர். பிரிண்டரையும் இப்படித் திறந்துவிடலாம்.

இதற்கு விண்டோஸ் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர், விரித்தால் சர்வர் மெசேஜ் பிளாக். 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது, பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. லினக்ஸ் மெஷின்களும் இதே மொழியைப் பேசும்படி ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிஜெல் எழுதிய மென்பொருள்தான் சாம்பா, 1992 வாக்கில் வந்தது. பெயர் வந்த கதை வேடிக்கையானது. முதலில் வைத்திருந்த பெயர் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று தெரிந்ததும், எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் வார்த்தை எது என்று கம்ப்யூட்டரின் அகராதிக் கோப்பிலேயே தேடிப் பிடித்தாராம்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் ஒரு தடவையாவது போனவர்களுக்கு இந்த ஷேர் விவகாரம் சட்டென்று பிடிபடும். தெருவை ஒட்டித் திண்ணை, முகப்பு. அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. வளவு எல்லாப் புள்ளிக்கும் பொது, அறையின் சாவி மட்டும் அந்தந்தப் புள்ளியிடம். இப்போது பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அறைகள் பூட்டியே கிடக்கும். ஆனால் வளவில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு எத்தனை கதவு, எதில் பூட்டுத் தொங்குகிறது, எது சும்மா சாத்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குச் சாவி வேண்டாம், கண் இருந்தால் போதும்.

நகரத்தார் கோயிலுக்கு வரி போடுவதும் புள்ளிக் கணக்கில்தான். ஊரில் எத்தனை புள்ளி, யார் யார் என்று எண்ணி எழுதுவார்கள். எத்திக்கல் ஹேக்கிங் பாடத்தில் எனுமரேஷன் என்று வருகிறதே, அது இந்தப் புள்ளிக் கணக்கு வேலைதான். மெஷினிடம் கேட்கிறோம்: உன்னிடம் என்னென்ன ஷேர் இருக்கிறது, யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, நீ எந்தப் பதிப்பு? அது சொல்வதை எழுதிக்கொள்கிறோம். பூட்டை உடைக்கும் வேலை இதற்குப் பிறகு, வேறொரு அத்தியாயத்தில் வருகிறது.

தேர்வுகளில் இதன் இடம் என்ன? இசி-கவுன்சில் என்ற அமைப்பு நடத்தும் சிஇஎச் (சர்டிஃபைட் எத்திக்கல் ஹேக்கர்) பாடத்திட்டத்தில் எனுமரேஷன் 4-வது பாடம். அதற்கு முன் தகவல் சேகரிப்பு, அப்புறம் ஸ்கேனிங், பிறகு இது. சிஇஎச் எழுத்துத் தேர்வு 125 கேள்வி, 4 மணி நேரம். அங்கே போர்ட் எண்ணும் கருவியின் பெயரும் மனப்பாடமாக இருந்தால் ஓரளவுக்குத் தப்பிக்கலாம். இஜேபிடி, ஓஎஸ்சிபி மாதிரி செய்முறைத் தேர்வுகளில் அந்தப் பாச்சா பலிக்காது. மெஷினைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பட்டியலைப் படிக்கத் தெரியாவிட்டால் ஒரு ராத்திரி முழுக்கத் தப்பான கதவைத் தட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

போர்ட் என்பது மெஷினில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் போட்ட வாசல். அந்த எண்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எஸ்எம்பி ஓடுவது 445-இல். நெட்பயாஸ் என்ற பழைய நெட்வொர்க் முறை வழியாகப் போவது 139-இல், அதற்குத் துணையாக 137, 138. எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்கும் என்மேப் கருவி கொண்டு ஸ்கேன் செய்து 445 திறந்திருக்கிறது என்று வந்தால், அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கூப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டிலேயே ஒரு வீடு கட்டுங்கள்

பழகுவதற்கு அடுத்தவர் மெஷின் வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டிக் காட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ், இலவசம். அதில் ஒரு காளி லினக்ஸ் (ஹேக்கிங் கருவிகளோடு வரும் லினக்ஸ்), ஒரு மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2. இரண்டாவது, பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டையாகச் செய்து ரேபிட்7 நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் லினக்ஸ் மெஷின். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் இரண்டும் தாராளமாக ஓடும். நெட்வொர்க் அமைப்பில் ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் லேப்டாப்புக்குள் மட்டும் ஓடும் நெட்வொர்க்) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இவ்வளவு ஓட்டையான ஒன்றை வீட்டு வைஃபையில் இறக்குவது, கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

தம்பியின் மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் மெஷினுக்கு 192.168.56.101 என்ற நெட்வொர்க் முகவரி வந்திருந்தது. ஷேர் பட்டியலைக் கேட்க எளிய கருவி எஸ்எம்பி-கிளையன்ட். அதன் பெயரைத் தட்டி, கழித்தல் குறியோடு பெரிய எழுத்து எல், அப்புறம் முகவரி, கடைசியில் கழித்தல் குறியோடு பெரிய எழுத்து என். எல் என்றால் பட்டியல் கொடு. என் என்றால் என்னிடம் கடவுச்சொல் கேட்காதே. இரண்டும் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். சின்ன எல் போட்டால் அது பதிவுக் கோப்பு சம்பந்தப்பட்ட வேறு கட்டளை, சின்ன என் போட்டால் நெட்பயாஸ் பெயர். "வேலை செய்யல அண்ணே" என்று எனக்கு வரும் வாட்ஸ்அப் புகாரில் கணிசமானவை இந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து தகராறுதான்.

இன்னொரு தகராறும் உண்டு. காளியில் ஓடுவது, உபுண்டு மாதிரி சாதாரண லினக்ஸில் அதே மெஷினிடம் கேட்டால் ஓடாது. புரோட்டோகால் (எந்த மொழியில் பேசுவது என்ற) பேச்சுவார்த்தை தோற்றது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு நின்றுவிடும். காரணம் இதுதான். மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளில் இருப்பது மிகப் பழைய சாம்பா, எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே பேசும். சாம்பா 4.11 பதிப்பிலிருந்து, அதாவது 2019-லிருந்து, அந்த முதல் பதிப்பை இயல்பாகவே மூடிவிட்டார்கள். காளி மட்டும் பயிற்சிக்காரர்கள் வசதிக்காக அந்தப் பழைய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உபுண்டுவில் வேண்டுமென்றால் குறைந்தபட்ச புரோட்டோகால் என்டி1 (அந்த முதல் பதிப்பின் இன்னொரு பெயர்) என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம். அல்லது பேசாமல் காளியிலேயே செய்யலாம்.

சரி, பட்டியல் வந்துவிட்டது. தம்பி திரையில் பார்த்த ஐந்து பெயர்கள் இவை: பிரிண்ட்$, டிஎம்பி, ஓபிடி, ஐபிசி$, அட்மின்$. இதை அவசரமாகக் கடந்து போகக் கூடாது.

மேலே முதல் வரியில் பெயரில்லா நுழைவு வெற்றி என்று வந்திருக்கும். யார் என்று சொல்லாமல் கேட்டோம், அதற்கும் பதில் சொல்லிவிட்டது. இதுவே எழுதி வைக்க வேண்டிய முதல் குறை. அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வகை, குறிப்பு என்று இரண்டு பத்திகள். குறிப்புப் பத்தியை யாரும் படிப்பதில்லை. டிஎம்பிக்கு எதிரே "ஓ நோஸ்!" என்று யாரோ விளையாட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஐபிசி$ வரியின் குறிப்பில் சாம்பா 3.0.20, டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) என்று பதிப்பு எண்ணே அச்சடித்தாற்போல் இருக்கிறது. நாம் கேட்டது ஷேர் பட்டியல். மெஷின் தன் பெயர், வயது, ஊர் எல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டது. அந்தப் பதிப்பில் என்ன ஓட்டை இருக்கிறது என்று தேடுவது அடுத்த கட்டம். தம்பி இந்த வரியைக் கவனிக்கவே இல்லை.

இப்போது அந்த ஐந்தில் எது திறந்திருக்கிறது? இதற்கு எஸ்எம்பி-மேப் என்றொரு கருவி. அது ஒவ்வொரு ஷேராகப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்து, படிக்கலாமா, எழுதலாமா, இரண்டும் இல்லையா என்று பக்கத்திலேயே போட்டுவிடும். ஓட்டினோம். டிஎம்பிக்கு எதிரே மட்டும் படிக்கலாம், எழுதலாம். மற்ற நான்குக்கும் அனுமதி இல்லை.

"அஞ்சுன்னியே, இப்ப எத்தனை?"

"ஒண்ணுண்ணே."

அந்த ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் புதையல் எதுவும் இல்லை. தற்காலிகக் கோப்புகள், முற்றுப்புள்ளிக் குறியில் பெயர் தொடங்கும் ஒன்றிரண்டு ஃபோல்டர்கள். ஆனாலும் யாரென்று தெரியாத ஆள் எழுத முடிகிற இடம் என்பதே பெரிய விஷயம், அதைத் தடித்த எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எஸ்எம்பி-மேப் பற்றி ஒரு எச்சரிக்கை. எழுத முடியுமா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்கே ஒரு ஃபோல்டரை உண்டாக்கிப் பார்த்துவிட்டு அழிக்கிறது. பயிற்சி மெஷினில் அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒரு நிறுவனத்தின் சர்வரில், படிக்க மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு போய் இதை ஓட்டினால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். எழுதிப் பார்க்காதே என்று சொல்லவும் அதில் வழி இருக்கிறது. எந்தக் கருவியானாலும் ஓட்டுவதற்கு முன் உதவிப் பக்கத்தைப் படியுங்கள் என்று நச்சரிப்பது இதற்குத்தான்.

மூன்று விதமான 'இல்லை'

எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் பிழைச் செய்திகள். தோற்றுவிட்டது என்று எல்லோரும் மூடிவிட்டுப் போகும் அந்தச் சிவப்பு வரிகளில்தான் பாதித் தகவல் இருக்கிறது.

ஓபிடி என்ற ஷேருக்குள் போகச் சொல்லிப் பாருங்கள். ஆக்சஸ் டினைட் என்று வரும். அதாவது கதவு இருக்கிறது, உனக்குத் திறக்க மாட்டேன். இப்போது இல்லாத ஒரு பெயரைக் கொடுங்கள், சும்மா 'பணியாரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட் நெட்வொர்க் நேம் என்று வரும். அப்படி ஒரு கதவே இந்த வீட்டில் இல்லை. மூன்றாவது, ஒரு யூசர் பெயரும் தப்பான கடவுச்சொல்லும் கொடுத்தால் பல மெஷின்களில் லாகன் ஃபெயிலியர் வரும். கதவுப் பேச்சுக்கே வரவில்லை, வாசலிலேயே நீ யாரென்பது சரியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு வித்தை கைக்கு வரும். பட்டியலில் காட்டாத ஷேர் இருக்கிறதா என்று ஊகித்துப் பார்க்கலாம். சாம்பாவின் அமைப்புக் கோப்பில் பட்டியலில் காட்டாதே என்று ஒரு ஷேருக்குச் சொல்லி வைக்க முடியும். அந்த ஷேர் பட்டியலில் வராது, ஆனால் பெயர் தெரிந்து கேட்டால் பதில் வரும். பேக்கப், அக்கவுண்ட்ஸ், ஸ்கேன் மாதிரி வழக்கமான பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, எதற்கு ஆக்சஸ் டினைட் வருகிறது, எதற்குப் பெயரே இல்லை என்று வருகிறது என்று பிரித்தால் ஒளித்து வைத்த கதவு தெரிந்துவிடும். பட்டியலில் இருந்தும் நுழைய முடியாத நான்கைப் பார்த்தோம் அல்லவா, இது அதற்கு நேர் எதிர்: பட்டியலில் இல்லாமலேயே கதவு இருக்கிறது.

விண்டோஸில் இந்த ஒளிப்பு வேலையைச் செய்வது கடைசியில் வரும் டாலர் குறி. பெயரின் முடிவில் $ போட்டால் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. ஆனால் அது காட்டாமல் விடும் மரியாதை மட்டும்தான், பூட்டு இல்லை. லினக்ஸ் கருவிகளுக்கு அந்த மரியாதை கிடையாது, எல்லாவற்றையும் காட்டிவிடும். சி$ என்பது முழு சி டிரைவ், அட்மின்$ என்பது விண்டோஸ் ஃபோல்டர். இரண்டும் தானாகவே உண்டாகும், நிர்வாகிக்கு மட்டும் திறக்கும். ஐபிசி$ கோப்பு வைக்கும் இடமே இல்லை. மெஷினும் மெஷினும் பேசிக்கொள்ளும் குழாய். புதியவர்கள் அதற்குள் கோப்புத் தேடி அலைவார்கள்.

அந்தக் குழாய் வழியாகத்தான் யூசர் பட்டியலும் வருகிறது. பெயரும் காலி, கடவுச்சொல்லும் காலி என்று நுழைவதற்கு நல் செஷன் என்று பெயர். ஆர்பிசி-கிளையன்ட் என்ற கருவியில் இப்படி நுழைந்து யூசர்களைக் கேட்டால், மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் தன்னிடம் உள்ள அத்தனை பேரையும் ஒப்புவிக்கும். ஒவ்வொருவருக்கும் ரிட் என்று ஓர் எண் இருக்கும். விண்டோஸில் நிர்வாகிக்கு எப்போதும் 500, கெஸ்ட்டுக்கு 501, நாம் உண்டாக்கும் யூசர்கள் 1000-லிருந்து. நிர்வாகியின் பெயரை 'கருப்பையா' என்று மாற்றி வைத்தாலும் 500 மாறாது. பழைய சாம்பா வேறு கணக்குப் போடும்: லினக்ஸ் யூசர் எண்ணை இரண்டால் பெருக்கி 1000 கூட்டும். மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளில் எம்எஸ்எஃப்-அட்மின் என்ற யூசரின் எண் 1000, அதனால் ரிட் 3000. திரையில் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாக வரும், மாற்றிப் பாருங்கள், சரியாக இருக்கும். எண் வரிசையாக ஓடுவதால்தான், பட்டியல் தர மறுக்கும் மெஷினிடம்கூட ஒவ்வொரு எண்ணாக "இது யார், இது யார்" என்று கேட்டுப் பெயர்களைக் கறக்க முடிகிறது. இதையெல்லாம் ஒரே மூச்சில் செய்யும் கருவி எனம்4லினக்ஸ். ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள் என்பேன். பக்கம் பக்கமாகக் கொட்டும். எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

இன்றைய விண்டோஸ் புதிதாக நிறுவினால் இப்படி வாய் திறக்காது. பழைய அமைப்பை அப்படியே சுமந்துகொண்டு வந்த சர்வர்களில்தான் எஞ்சியிருக்கும். ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் சேர்ந்த கூட்டம் டொமைன், அதன் யூசர்களையெல்லாம் நிர்வகிக்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர். அதில் சிஸ்வால், நெட்லாகன் என்று இரண்டு ஷேர் கட்டாயம் இருக்கும், டொமைனில் உள்ள யாரும் படிக்கலாம். ஒரு காலத்தில் சிஸ்வாலில் இருக்கும் அமைப்புக் கோப்புகளில் நிர்வாகிகள் கடவுச்சொல்லை வைத்தார்கள். பூட்டித்தான் வைத்தார்கள், ஆனால் பூட்டின் சாவியை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது. 2014-ல் புதிதாக இப்படி வைக்க முடியாதபடி திருத்தம் கொடுத்தார்கள். அதற்கு முன் வைத்த கோப்புகளை அது அழிக்கவில்லை. ஆகவே பயிற்சி மெஷின்களில் இன்றும் இது வரும்.

ஓர் ஆடிட்டர் ஆபீஸில்

பாடப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பிரிண்டர் சரி பார்க்கப் போகும் வரைக்கும். ஊர் பெயர் வேண்டாம். ஸ்கேனர் சேர்ந்த பெரிய ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று கூப்பிட்டார்கள். பார்த்தால், அந்த மெஷினுக்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு தவிர வேறு தெரியாது. விண்டோஸ் 10-ல் 2017-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. இதற்கு முன் வந்தவர் தேடிப் பிடித்து அதைத் திறந்துவிட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? ஸ்கேன் ஃபோல்டருக்கு அனுமதிப் பிரச்சினை வந்ததும், முழு டி டிரைவையும் ஷேர் செய்து எவரிஒன், ஃபுல் கன்ட்ரோல், அதாவது யாரும் எதுவும் செய்யலாம் என்று போட்டுவிட்டார். இந்தத் தடவை யாரோ கம்ப்யூட்டர் பெயரை மாற்றியதால்தான் ஸ்கேன் நின்றிருக்கிறது.

இங்கே விண்டோஸின் இரட்டைப் பூட்டைச் சொல்ல வேண்டும். ஷேருக்கு ஓர் அனுமதி, அதன் கீழே இருக்கும் கோப்புக்கு என்டிஎஃப்எஸ் என்ற இன்னோர் அனுமதி. நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும், எது கறாரோ அதுதான் செல்லும். அந்த ஆபீஸில் மேலும் திறப்பு, கீழும் திறப்பு.

ஆடிட்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு, முன்னால் காத்திருப்பவர்களுக்கான வைஃபையில் என் லேப்டாப்பைச் சேர்த்தேன். கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருந்தது. பட்டியல் கேட்டேன், வந்தது. டி டிரைவின் முதல் ஃபோல்டர் வரிசையை மட்டும் திறந்து காட்டினேன். வாடிக்கையாளர் பெயர் போட்ட ஃபோல்டர்கள், ஆதார் நகல், பத்திர நகல். அவர் எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எந்தக் கோப்பையும் நான் திறக்கவில்லை, திறக்கத் தேவையும் இல்லை. பெயரைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது.

2017 மே 12-ல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியது இந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது அதே வருஷம் மார்ச் 14-ல். இரண்டு மாத இடைவெளியில் திருத்தம் போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். அதை அவரிடம் சொன்னேன். அன்றைக்கே வைஃபையைப் பிரித்தோம், டி டிரைவ் ஷேரை எடுத்தோம், ஸ்கேனருக்கென்று தனி யூசர், தனி ஃபோல்டர், அந்த யூசருக்கு அதைத் தவிர எதுவும் தெரியாதபடி. பழைய ஜெராக்ஸ் மெஷின் இரண்டு மாதம் கழித்துத்தான் போனது. அதுவரை முதல் பதிப்பு திறந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரி செய்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

தம்பிக்கு இதைச் சொன்னதும் கண் மின்னியது. "அப்ப கானாடுகாத்தான்ல அந்தப் பெரிய வீட்டு ஓட்டல் வைஃபையில பார்த்தா..." என்று ஆரம்பித்தான். அங்கேயே நிறுத்தினேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-வது பிரிவு உரிமையாளர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகுவதைச் சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-வது பிரிவில் 3 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சும்மா பட்டியல்தானே கேட்டேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எனுமரேஷனுக்கும், ஓட்டை வழியாக உள்ளே புகும் எக்ஸ்ப்ளாய்ட்டேஷனுக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. விண்டோஸ் சர்வரில் தணிக்கையை இயக்கி வைத்திருந்தால், யார் எந்த ஷேரைத் தொட்டாலும் 5140 என்ற எண்ணில் பதிவு விழும். எந்த முகவரியிலிருந்து என்பது உட்பட. வாயில் சொன்ன அனுமதியும் போதாது. எந்த முகவரிகள், எந்த நாள், எதுவரை என்று தாளில் வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் நானே வாய் வார்த்தையில்தான் செய்தேன், இன்றைக்கு என்றால் செய்ய மாட்டேன்.

தேர்வுக்குக் குறிப்பெடுப்பது பற்றியும் கேட்டான். நான் பழைய பேரேடு மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறேன்: முகவரி, ஷேர் பெயர், பட்டியலில் வந்ததா, யாராக நுழைந்தேன், படிக்க முடிந்ததா, எழுத முடிந்ததா, வந்த செய்தி. கடைசிப் பத்தியில் மெஷின் சொன்னதை அப்படியே ஓர் எழுத்து மாற்றாமல் எழுத வேண்டும். பின்னால் எங்காவது ஒரு கடவுச்சொல் கிடைத்தால், அதே கதவுகளை அந்தப் பெயரில் மறுபடி தட்ட வேண்டும். காலிப் பெயரில் திறக்காத ஷேர் அப்போது திறக்கலாம். ஒரு தடவை எண்ணியாயிற்று என்று விட்டுவிடுகிறவர்கள் செய்முறைத் தேர்வில் கோட்டை விடுவது இங்கேதான்.

எழுந்து கிளம்பும்போது அவன் ஸ்கேன் முடிவை மறுபடி மேலிருந்து ஓட்டிப் பார்த்தான்.

"அண்ணே, 2049-னு ஒண்ணு திறந்திருக்கே, அது என்ன?"

அது என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டு வந்தது, யுனிக்ஸ், லினக்ஸ் உலகத்தின் ஷேர். துணைக்கு 111-வது போர்ட். அதன் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. எந்த முகவரியிலிருந்து வருகிறாய், உன் யூசர் எண் என்ன என்று மட்டும் பார்க்கும். யூசர் எண்ணை வருகிறவரே சொல்லிக்கொள்ளலாம், அதை நம்பிவிடும். ரூட், அதாவது லினக்ஸ் நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை மட்டும் சாதாரண ஆளாக இறக்கிவிடும். நிர்வாகி அந்தக் காவலையும் எடுத்துவிட்டால், வந்தவர் சொன்னதுதான் சட்டம்.

"பட்டியல் கேக்கலாமா?"

"ஷோமவுண்ட்னு ஒண்ணு இருக்கு. கழித்தல் குறி போட்டு இ. இந்தத் தடவை சின்ன எழுத்து."

நின்றுகொண்டே தட்டினான். ஒரே ஒரு வரி வந்தது. இடது பக்கம் என்ன திறந்திருக்கிறது, வலது பக்கம் யாருக்கு. இடது பக்கம் ஒரு சாய்கோடு, வலது பக்கம் ஒரு நட்சத்திரம். சாய்கோடு என்றால் டிஸ்க்கின் உச்சி, அதாவது முகப்பிலிருந்து பின்கட்டு வரை முழு வீடு. நட்சத்திரம் என்றால் யார் வந்தாலும்.

தம்பி பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.